தீரன் பார்க்காத கதவு

ஹெச். வினோத் இயக்கிய ‘தீரன் அதிகாரம் ஒன்று’ படத்தை மறுபடியும் பார்த்தேன். 2017 நவம்பரில் வந்தபோது எல்லோரையும் போல கார்த்தியைப் பார்த்தேன், அந்த பஸ் சண்டையைப் பார்த்தேன், அபிமன்யு சிங்கைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன். இந்த முறை வேண்டுமென்றே கதவுகளை மட்டும் பார்த்தேன். வீடு புகுந்து கொள்ளையடிக்கும் கூட்டத்தைப் பற்றிய படம் அது. ஆனால் அதில் கதவைப் பற்றி ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. இந்தக் கட்டுரை அந்த இல்லாத வசனத்தைப் பற்றியது.

படத்தைப் பிடித்தவர்கள் கோபப்பட வேண்டாம். எனக்கும் பிடிக்கும். தமிழில் வந்த போலீஸ் படங்களில் விசாரணை என்பதை உண்மையான வேலையாகக் காட்டிய படங்கள் கம்மி. கைரேகையை வைத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாக அலைவது, ஃபைல்களைப் புரட்டுவது, மேலதிகாரியிடம் பணத்துக்கும் ஆளுக்கும் கெஞ்சுவது, இதையெல்லாம் இவ்வளவு பொறுமையாக யாரும் எடுத்ததில்லை. குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடணும்.

எங்கள் ஊர் திருத்தணி. படத்துக்கு மூலமான சம்பவம் எங்கள் மாவட்டத்திலேயே நடந்தது என்பது இங்கே பல இளைஞர்களுக்குத் தெரியாது. 2005 ஜனவரியில், பெரியபாளையம் பக்கத்தில் உள்ள தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினராக இருந்த கே. சுதர்சனம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாலை நேரம். வந்தவர்கள் வீட்டுக்குள் புகுந்து, ஆட்களைத் தாக்கி, நகையோடு போய்விட்டார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பிருந்தே நெடுஞ்சாலை ஓரத்துத் தனி வீடுகளில் இதே மாதிரி நடந்துகொண்டிருந்தது. ஆளும் கட்சி எம்.எல்.ஏ. செத்த பிறகுதான் எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையில் தனிப்படை அமைந்தது, வட இந்தியாவுக்குப் போய் ‘பவாரியா’ கொள்ளையர்களைப் பிடித்தது. சாதாரண ஜனங்கள் செத்தபோது நகராத ஃபைல் எம்.எல்.ஏ. செத்தபோது நகர்ந்தது என்பதைப் படமும் மறைக்காமல் காட்டுகிறது. அதற்காகவே வினோத்துக்கு ஒரு சபாஷ் போடலாம்.

திருத்தணிக்காரனுக்கு இந்தக் கதை கூடுதலாகவே உறைக்கும். சென்னையிலிருந்து திருப்பதி போகும் நெடுஞ்சாலை ஊருக்குள்தான் வருகிறது. கொஞ்ச தூரம் போனால் நகரி, அது ஆந்திரா. 1960 ஏப்ரல் 1 வரைக்கும் நாங்களே ஆந்திராவில்தான் இருந்தோம். ம.பொ.சி.யின் எல்லைப் போராட்டத்தைப் பற்றி ஊரில் இன்றும் பேசுவார்கள். பாதி வீடுகளில் தெலுங்கும் புழங்கும். படத்தின் தெலுங்கு வடிவமான ‘காக்கி’யைப் பார்த்தவர்களும் இங்கே உண்டு. ராத்திரி லாரி சத்தம் நிற்காது. நெடுஞ்சாலை, மாநில எல்லை, விளைநிலத்தைப் பிளாட் போட்டுக் கட்டிய தனித்தனி வீடுகள்: படத்தில் கொள்ளையர்கள் தேடிப் போகும் இடத்தின் லட்சணம் எல்லாம் இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் இருக்கிறது. அந்த வீடுகள் பலவற்றில் வயதான அப்பாவும் அம்மாவும் மட்டும்தான். பிள்ளைகள் சென்னையில் இருப்பார்கள், இல்லாவிட்டால் அமெரிக்காவில்.

இனி கதவுக்கு வருகிறேன்.

படத்தில் வீடு புகும் காட்சிகளின் இலக்கணம் ஒன்றுதான். இருட்டு, நாய், கால்கள், ஆயுதம். கதவு இருந்தது என்பது, அது இல்லாமல் போகும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அடுத்த நிமிஷம் உள்ளே ரத்தம். வன்முறையை அப்படி எடுத்ததில் தப்பில்லை, நாம் நடுங்கணும் என்பதற்காகத்தான் எடுக்கிறார்கள். என் குறை அதற்குப் பிறகு வரும் காட்சிகளில்தான். போலீஸ் வருகிறது. பிணங்களைப் பார்க்கிறது, பீரோவைப் பார்க்கிறது, கைரேகை எடுக்கிறது. உள்ளே எப்படி வந்தார்கள், அந்த வீட்டில் எது முதலில் விட்டுக்கொடுத்தது, கீலா, தாழ்ப்பாளா, நிலையா என்று யாரும் கேட்பதில்லை. தீரன் எவ்வளவோ கேள்வி கேட்கிறார். ‘யார்’, ‘எங்கிருந்து’, ‘அடுத்து எங்கே’. ‘எதன் வழியாக’ என்ற கேள்வி மட்டும் இல்லை. அந்தக் கேள்வி இருந்திருந்தால் மீதி வீடுகளைக் காப்பாற்றுவதும் விசாரணையின் ஒரு பகுதியாகி இருக்கும். படத்தில் மக்களுக்கு இருப்பது இரண்டே வேலை: சாவது, அல்லது காப்பாற்றப்படக் காத்திருப்பது. போலீஸ்காரர் வீட்டுக்குள்ளேயே கூட்டம் புகும்போதுகூட அந்தக் கதவு எப்படிப்பட்ட கதவு என்று நமக்குச் சொல்லப்படுவதில்லை.

அந்த இடத்தைப் படம் வேறொன்றால் நிரப்புகிறது. கொள்ளையர்களின் பூர்வீகத்தால். அவர்கள் யார், எந்தப் பரம்பரை, எப்படி வேட்டைக்காரர்கள் கொள்ளைக்காரர்கள் ஆனார்கள் என்று நீளமாக ஒரு விளக்கம் வருகிறது. ‘குற்றப்பரம்பரை’ என்ற சொல் வந்ததால் சீர்மரபினர் தரப்பிலிருந்து அப்போதே எதிர்ப்பு எழுந்தது. எழாமல் எப்படி இருக்கும்? 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பிறந்த சாதிக்காகவே ஆட்களிடம் ரேகை எடுத்தார்கள். அதை எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் மக்களைச் சுட்டார்கள். இந்தச் சரித்திரம் உள்ள ஊரில் ஒரு சில கொடூரமான ஆட்களின் குற்றத்துக்கு ஒரு முழு சமூகத்தின் ரத்தத்தில் காரணம் தேடினால் வலிக்கத்தான் செய்யும்.

இது தமிழுக்குப் புதுசும் இல்லை. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் செய்வது இதையேதான். கோவலனைப் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லை என்று காவலர்கள் தயங்குகிறார்கள். உடனே அவன் கள்வர்களின் இயல்பு பற்றி ஒரு பாடமே எடுக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று எட்டு. கேட்கக் கேட்க காவலர்களுக்கு எதிரே நிற்கும் ஆளின் முகம் மறைந்து, கள்வன் என்ற பொதுப் பிம்பம் தெரிய ஆரம்பிக்கிறது. பிறகு என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ‘திருடன் எப்படிப்பட்டவன்’ என்ற பேச்சு எவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்தானது. எட்டில் கடைசியாக வரும் ‘கருவி’யைப் பற்றி மட்டும் பேசியிருந்தால் கோவலன் பிழைத்திருப்பானோ என்று சில சமயம் யோசிப்பதுண்டு.

2018 மே மாதம், பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதுவும் எங்கள் மாவட்டம்தான். அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த ஒரு பாட்டியை அடித்துக் கொன்றார்கள். வட மாநிலத்துப் பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஊருக்குள் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திதான் காரணம். படம் வந்து 6 மாதம் ஆகியிருந்தது. படத்தால்தான் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை, அதற்கு ஆதாரமும் இல்லை. வதந்தி, பிள்ளை பிடிப்பதைப் பற்றியது, கொள்ளையைப் பற்றியது அல்ல. ஆனால் பயத்தை எந்தப் பக்கம் திருப்புகிறோம் என்பது முக்கியம். தெரியாத முகத்தின் மேல் திருப்பினால் இப்படி முடியலாம். சொந்த வீட்டின் வாசக்கால் மேல் திருப்பினால் அதிகபட்சம் ஒரு ஆசாரிக்கு ஒரு நாள் கூலி செலவு.

வாசக்கால் என்றதும் ஒரு பழைய விஷயம். ‘கன்னம் வைத்தல்’ என்ற சொல் இப்போது பேச்சில் இல்லை. கன்னக்கோல் என்ற கருவியால் மண்சுவரைத் துளைத்து உள்ளே போவது அது. மிருச்சகடிகம் என்ற வடமொழி நாடகத்தில் திருடன் ஒருவன் சுவரில் எந்த வடிவத்தில் ஓட்டை போடலாம் என்று கலைஞன் மாதிரி யோசிப்பான். 1860-ல் எழுதிய இந்திய தண்டனைச் சட்டத்திலும் 445-வது பிரிவில் வீட்டை உடைத்து நுழைவது என்றால் என்ன என்று விளக்கும்போது முதல் உதாரணமே சுவரில் ஓட்டை போடுவதுதான். அந்தக் காலத்தில் வீட்டிலேயே பலமானது கதவு, பலவீனமானது சுவர். கனமான பலகை, உள்ளே குறுக்கே போடும் கணையமரம். அந்த மரத்தின் இரண்டு முனையும் சுவருக்குள் போய் உட்காரும். இடித்தால் அந்த வேகத்தைச் சுவர் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் திருடன் கதவை விட்டுவிட்டுச் சுவருக்குப் போனான்.

செங்கல்லும் சிமெண்டும் வந்த பிறகு கணக்கு தலைகீழாகிவிட்டது. சுவர் பலமானது. கதவு இளைத்தது. ஆனால் நம் மனசில் இன்னும் கதவு பலமானது என்ற நினைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. ‘தேக்குக் கதவு’ என்று சொல்லும்போதே ஒரு நிம்மதி. லட்சுமி செதுக்கி, பித்தளைக் குமிழ் வைத்து, பாலிஷ் போட்டு, அந்த ஒரு கதவுக்கு லட்ச ரூபாய் வரை போகிறவர்கள் உண்டு. வாசக்கால் வைக்கும் நாளில் பூஜை, நவதானியம், மஞ்சள் குங்குமம், மாவிலை. இவ்வளவு மரியாதை செய்த அந்த நிலையில் தாழ்ப்பாள் நுழையும் ஓட்டைக்கு ஒரு சின்னத் தகடு, அதற்கு அரை அங்குல ஸ்க்ரூ இரண்டு. சில வீடுகளில் தகடே இருக்காது, மரத்தில் உளியால் கொத்திய ஓட்டை மட்டும்தான்.

தினமும் பேப்பரில் வரும் வாக்கியம் ஒன்று இருக்கிறது: வீட்டின் பூட்டை உடைத்து இத்தனை பவுன் நகை திருட்டு. இதை எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. நல்ல பூட்டு உடைவது அபூர்வம். திண்டுக்கல் பூட்டு வாங்கித் தொங்கவிட்டிருப்பார்கள், அது அசையாது. 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிய பூட்டு அது. பிய்த்துக்கொண்டு வருவது பூட்டைத் தாங்கும் கொண்டி. அல்லது அல்டிராப்பைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ. அல்லது கதவுக்கும் நிலைக்கும் நடுவே கடப்பாரையை விட்டு நெம்பும்போது பிளக்கிற நிலை மரம். பூட்டு முழுசாகத் தரையில் கிடக்கும், பேப்பரில் அது உடைந்ததாக வரும். படிக்கிறவர் மறுநாள் கடைக்குப் போய் இன்னும் பெரிய பூட்டாக வாங்குவார், அதே கொண்டியில் மாட்டுவதற்கு! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வருடாந்தர அறிக்கையும் இதில் உதவாது. ராத்திரியா பகலா, குடியிருப்பா கடையா என்று கணக்கு இருக்கிறது. எதை உடைத்தார்கள் என்ற கணக்கு இல்லை. தீரன் கேட்காத கேள்வியை அறிக்கையும் கேட்பதில்லை.

(ஒரு கிளைக்கதை. தெலுங்கில் பூட்டுக்கு ‘தாளம்’ என்று பெயர். எங்கள் ஊரில் ‘தாளம் போட்டாச்சா’ என்று தமிழ்ப் பேச்சுக்கு நடுவிலேயே கேட்கலாம். வெளியூர் ஆட்கள் பாட்டுக் கச்சேரி ஏதோ நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.)

சரி, என்ன செய்யலாம் என்று தேடினால் யூடியூபில் நூறு வீடியோ. பெரும்பாலும் அமெரிக்க வீடியோவைப் பார்த்துத் தமிழில் பேசியவை. தாழ்ப்பாள் தகட்டுக்கு 3 அங்குல ஸ்க்ரூ போடுங்கள், அவ்வளவுதான் என்கிறார்கள். அங்கே அது சரி. அமெரிக்க வீட்டுச் சுவர் மரச் சட்டத்தால் ஆனது, கதவு நிலை ஒரு மெல்லிய பலகை. நீள ஸ்க்ரூ பலகையைத் தாண்டிப் பின்னால் இருக்கும் கனமான மரத்தைப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டில் நிலையே 3, 4 அங்குலக் கட்டை, அதற்குப் பின்னால் செங்கல். ஸ்க்ரூ 2 அங்குலம், 2½ அங்குலம் இருந்தாலே மரத்துக்குள் நன்றாகப் பிடிக்கும். மரத்தைத் தாண்டிச் சுவருக்குப் போனால் வெறும் ஸ்க்ரூ கலவையில் நிற்காது, அதற்கு ஆங்கர் போல்ட் வேண்டும். நம் வீட்டில் பார்க்க வேண்டிய கேள்வி வேறு: நிலையைச் சுவரோடு எது பிடித்திருக்கிறது? கட்டும்போது ஹோல்ட்ஃபாஸ்ட் என்று ஒரு இரும்புப் பட்டையை நிலையின் பின்னால் அடித்துச் சுவருக்குள் கான்கிரீட் போட்டுப் புதைப்பார்கள். பக்கத்துக்கு மூன்று வைப்பது வழக்கம். அவசரத்தில் ஒன்றோ இரண்டோ வைத்து, கான்கிரீட்டுக்குப் பதில் கலவையை அப்பிப் பூசிவிட்டால் வெளியே தெரியவே தெரியாது. கதவைப் பட்டென்று சாத்தும்போது நிலையும் சுவரும் சேரும் கோட்டில் பூச்சு விரிகிறதா என்று பாருங்கள். விரிந்தால் நிலை ஆடுகிறது என்று அர்த்தம். நிலையில் துளை போட்டுச் சுவருக்குள் நீள ஆங்கர் போல்ட் இறக்கலாம். பழைய வீட்டிலும் செய்யக்கூடிய வேலைதான் இது.

வெளியே இருக்கும் அல்டிராப்புக்கு ஸ்க்ரூ வேண்டாம். கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டு மாட்டும் போல்ட் போடணும். வெளிப்பக்கம் தலை மழமழவென்று இருந்தால் ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. இதற்கு ஆகும் செலவு பாலிஷ் செலவில் கால்வாசி இருக்காது. இன்டர்லாக் போட்ட கதவில் நாக்கு நுழையும் இடத்துக்கு நீளமான இரும்புத் தகடு, நாலைந்து ஸ்க்ரூவோடு. இரட்டைக் கதவாக இருந்தால் நிலையாக நிற்கும் பக்கத்துக் கதவின் மேல்தாழும் கீழ்த்தாழும் முழுசாக இறங்குகின்றனவா என்று பார்க்கணும். கீழ்த்தாழ் இறங்கும் குழி பல வீடுகளில் மண் அடைத்து, பெயருக்கு அரை அங்குலம்தான் இறங்கும். மேல்தாழை எட்டிப் போட முடியாத பாட்டி அதைப் போடுவதே இல்லை. எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது பழைய கணையமரம்தான். இரண்டு பக்கச் சுவரிலும் இரும்புக் கொக்கி பதித்து, படுக்கப் போகும்போது ஒரு கட்டையையோ இரும்புக் குழாயையோ குறுக்கே வைத்துவிடுவது. உள்ளே திறக்கும் கதவுக்கு இதை மிஞ்சியது இல்லை. அழகு கெடுகிறது என்று இன்டீரியர் டிசைனர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

முன்வாசலையே பேசிக்கொண்டிருக்கிறேன். கொல்லைக் கதவைப் போய்ப் பாருங்கள். முன்னால் தேக்கு, பின்னால் ப்ளைவுட் ஃப்ளஷ் டோர், மழையில் ஊறி அடிப்பக்கம் உரிந்து போனது. மொட்டைமாடிக் கதவு இன்னும் மோசம், தகரம் அல்லது பி.வி.சி. திருடனுக்கு லட்சுமி செதுக்கிய கதவின் மேல் எந்தக் கடமையும் இல்லை. வீட்டின் பலம் அதன் மட்டமான கதவின் பலம்தான் என்று சொன்னால் நம் ஆட்களுக்குப் புரிகிறது, ஆனாலும் பணம் முன்வாசலுக்குத்தான் போகிறது. விருந்தாளி கொல்லை வழியாக வருவதில்லை அல்லவா.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். துப்பாக்கியோடும் கடப்பாரையோடும் பத்துப் பேர் வந்தால் உன் இரண்டரை அங்குல ஸ்க்ரூ என்ன கிழிக்கும்? நிற்காதுதான். உலகத்தில் எந்த வீட்டுக் கதவும் அப்படி நிற்காது. ஐரோப்பாவில் கதவுகளைத் திருட்டுக்கு எதிராகச் சோதித்து வகை பிரிக்கும் தரம் ஒன்று உண்டு, ஈ.என். 1627. அதில் இரண்டாம் வகைக் கதவு ஸ்க்ரூடிரைவர் மாதிரி சின்னக் கருவிகளுக்கு 3 நிமிஷம் தாங்கணும். மூன்றாம் வகை, கடப்பாரைக்கு 5 நிமிஷம். நாலாம் வகைக்கே 10 நிமிஷம்தான். இவ்வளவு பணக்கார நாடுகளின் கணக்கும் நிமிஷத்தில்தான் இருக்கிறது. கதவு வாங்கித் தருவது நேரம். அந்த நேரத்தில் விளக்கெல்லாம் எரியணும், 112-க்கோ 100-க்கோ போன் போகணும், பக்கத்து வீட்டில் ஒரு ஆள் எழுந்திருக்கணும். வரும் ஆளுக்கோ அந்த நேரம் என்பது சத்தம். பூட்டிய வீட்டுத் திருட்டு, எங்கள் ஊரில் நாம் அதிகம் கேள்விப்படும் திருட்டு, பெரும்பாலும் சத்தத்துக்குப் பயந்த திருட்டு. தீரன் படம் காட்டும் கொலைகாரக் கூட்டம் அபூர்வம். அபூர்வமானதை இரண்டரை மணி நேரம் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு ‘இவங்களுக்கு எதிரா என்ன செஞ்சு என்ன ஆகப்போகுது’ என்ற எண்ணம்தான் மிஞ்சுகிறது. சாதாரணத் திருட்டைத் தடுக்கக்கூடிய சாதாரண வேலையையும் அந்த எண்ணம் சாப்பிட்டுவிடுகிறது. படத்தின் மேல் என் பெரிய குறை இதுதான், பூர்வீக விளக்கத்தைவிடவும்.

சாதாரண வேலை பலிக்கும் என்பதற்கு நெதர்லாந்து ஒரு சாட்சி. 1999-லிருந்து புதிதாகக் கட்டும் எல்லா வீட்டுக்கும் எளிதில் உடைக்க முடியாத கதவும் ஜன்னலும் கட்டாயம் என்று அங்கே விதி கொண்டுவந்தார்கள். பென் வோலார்ட், யான் வான் அவர்ஸ் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அதன் விளைவை அளந்து 2011-ல் வெளியிட்டார்கள். புது வீடுகளில் ஆண்டுக்கு 1.1 சதவீதமாக இருந்திருக்கக்கூடிய திருட்டு 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது, அதாவது சுமார் கால்வாசி. அந்தத் திருடர்கள் பழைய வீடுகளுக்கு நகர்ந்துவிட்டார்கள் என்பதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தும் 2015-ல் புது வீடுகளுக்கு இதே மாதிரி விதி கொண்டுவந்தது. நம் ஊரில் வீடு கட்ட அனுமதி வாங்கும்போது சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டாய் என்று கேட்கிறார்கள். மழைநீர் சேகரிப்பை 2003-ல் கட்டாயமாக்கி, தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டிலும் வைக்க வைத்தார்கள். கதவு எதைத் தாங்கும் என்று மட்டும் கேட்பதில்லை. மழைநீரில் முடிந்தது கதவில் முடியாதா?

கதவுக்குப் பதிலாக நமக்குக் கிடைத்திருப்பது செயலி. ஆந்திரக் காவல்துறை, வெளியூர் போகிறவர்கள் சொன்னால் பூட்டிய வீட்டுக்குள் கேமரா வைத்துக் கண்காணிக்கும் ஏற்பாட்டை நடத்துகிறது. தமிழ்நாட்டிலும் ‘காவல் உதவி’ செயலியில் பூட்டிய வீட்டைப் பதிவு செய்யலாம். நல்ல ஏற்பாடுகள்தான், குறை சொல்ல மாட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் ஊரில் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும்போது போலீஸ் முழுக்க மலைப்பாதையிலும் படிக்கட்டிலும் நிற்கும். டிசம்பர் 31 ராத்திரி 365 படிக்கும் பூஜை நடக்கும்போதும் அதே கதைதான். வீட்டில் இருப்பவர்களும் மலைமேல், காவலுக்கு இருப்பவர்களும் மலைமேல். அன்றைக்குத் தெருவில் தனியாக நிற்பது கதவு மட்டும்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாராவது வீட்டைச் சிறையாக்கிவிடுவார்கள். பயம் பிடித்த வீடுகளில் கதவுக்கு வெளியே கிரில் கேட், அதற்கு ராத்திரி உள்ளேயிருந்து பெரிய பூட்டு, சாவி எங்கேயோ பீரோவுக்குள். ஜன்னலில் எல்லாம் பற்றவைத்த கம்பி. சிலிண்டரோ இன்வெர்ட்டரோ தீப்பிடித்தால் எழுபது வயசு மனுஷி அந்த இருட்டில் சாவியைத் தேடுவாரா? நிலையைப் பலப்படுத்துவதில் இந்த ஆபத்து இல்லை, உள்ளிருந்து ஒரே கையால் திறக்கும் தாழ்ப்பாள் அப்படியேதான் இருக்கும். கிரில்லுக்குப் பூட்டுப் போடுவதாக இருந்தால் சாவிக்கு ஒரே இடம், படுக்கையிலிருந்து கைக்கு எட்டும் இடம், கிரில்லுக்கு வெளியே கைவிட்டு எடுக்க முடியாத இடம். கணையமரமும் அந்தப் பாட்டி தூக்கக்கூடிய எடையில் இருக்கணும்.

வினோத் ‘தீரன்’ இரண்டாம் பாகம் எடுத்தால் ஒரே ஒரு ஷாட் கேட்பேன். கைரேகை நிபுணர் வாசலில் குனிந்து பொடி தூவிக்கொண்டிருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள், தரையில் கிடக்கும் ஸ்க்ரூவை எடுத்து, விரல்களுக்கு நடுவில் வைத்து நீளம் பார்க்கிறார். பிறகு அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார். ஐந்து நொடி போதும், பின்னணி இசைகூட வேண்டாம்.